அறுபத்தொன்றாம் பக்கம்

கடிதம் வந்தபோது அவள் கையில் சிவப்புப் பேனா இருந்தது. அது எப்போதும் இருப்பதுதான். பாதுகாப்புத் துறையிலிருந்து வந்த கடிதம் என்பதற்காக அந்தப் பேனா மரியாதை கொடுத்து ஒதுங்கிக்கொள்ளாது. முதல் பத்தியில் ஒரே தேதி இரண்டு முறை வந்திருந்தது, வட்டம் போட்டாள். இரண்டாவது பத்தியில் ஒரு வாக்கியம் கிளம்பிய இடத்தை மறந்து வேறெங்கோ போய் முடிந்திருந்தது, அடியில் நெளிகோடு போட்டாள். அதற்குப் பிறகுதான் கடிதம் என்ன சொல்கிறது என்பதே அவளுக்கு உறைத்தது. அவள் நிறுவனம் கொடுத்த டெண்டர் முதல் கட்டத்தைத் தாண்டிவிட்டது. போட்டியிட்ட ஏழு நிறுவனங்களில் மூன்றை மட்டும் நேரில் வந்து கருவியை இயக்கிக்காட்டச் சொல்லியிருந்தார்கள். மூன்றில் இவர்களும் ஒன்று. நாற்காலியோடு ஒரு முழுச் சுற்றுச் சுற்றினாள். அறையில் வேறு யாரும் இல்லாததால் இன்னொரு சுற்றும் சுற்றினாள்.

கீழே டயர் கடை, மேலே இவர்கள். மொத்தம் பத்தொன்பது பேர். மலையிலும் காட்டிலும் காவல் இருக்கும் படையினர் முதுகில் மாட்டிக்கொண்டு போகிற ஒரு ரேடியோப் பெட்டியைத்தான் ஆறு வருடமாகச் செய்துகொண்டிருந்தார்கள். இந்தப் பக்கத்து வாக்கிடாக்கியும் அந்தப் பக்கத்து வாக்கிடாக்கியும் ஒன்றையொன்று எட்டாத இடத்தில் இதை நடுவில் வைத்துவிட்டால் போதும், இங்கே பேசுவதைப் பிடித்து அங்கே தள்ளிவிடும். பெட்டி நல்ல பெட்டி. ஆனால் அரசாங்கம் பெட்டியைப் பார்ப்பதற்கு முன்னால் காகிதத்தைப் பார்க்கும். முந்நூற்றுப் பதினெட்டு நிபந்தனைகளை வரிசையாக எழுதி அனுப்பும். ஒவ்வொன்றுக்கும் எதிரே முடியுமா, முடியாதா, ஆதாரம் எந்தப் பக்கத்தில் என்று எழுத வேண்டும். ஒன்று விட்டுப்போனாலும் மொத்தக் கட்டும் குப்பைக்குப் போய்விடும். அந்தக் கட்டைத் தயார்செய்வதுதான் அவள் வேலை.

இதற்கு முன்னால் மூன்று டெண்டர்களில் மண்ணைக் கவ்வியிருந்தார்கள். நிறுவனத்தின் முதலாளி ஒரு பெண்மணி. பேருந்துகளுக்கு ஸ்பீக்கர் பழுதுபார்ப்பதில் ஆரம்பித்து இங்கே வந்து நின்றவர். எல்லாருக்கும் அவர் அக்கா. "இது நாலாவது. இதுவும் வரலன்னா நம்ம பழைய ஸ்பீக்கர் தொழிலுக்கே போயிடுவோம்" என்று போன மாதம் சாதாரணமாகச் சொல்லிவிட்டு அடுத்த பிஸ்கட்டை எடுத்தார். ஸ்பீக்கர் தொழிலுக்கு டெண்டர் எழுதுகிற ஆள் தேவையில்லை. அதை அவளுக்கு யாரும் தனியாகக் கூப்பிட்டுச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

அலுவலகத்தில் அவளுக்கு முகத்துக்கு நேரே மேடம், முதுகுக்குப் பின்னால் சிவப்புப் பேனா. அவளுக்கு இது தெரியும், உள்ளூரப் பெருமையும் உண்டு. பொறியாளர்களுக்குப் பெட்டி செய்யத் தெரியும், அந்தப் பெட்டியைப் பற்றி நாலு வரி எழுதச் சொன்னால் காய்ச்சல் வந்துவிடும். அப்படியே எழுதினாலும் கிலோ இருக்க வேண்டிய இடத்தில் கிராம் இருக்கும். அவள் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு ஒவ்வொன்றாகப் பிடிப்பாள். பிடித்தால் அதற்கு ஒரு சட்டம் வைத்திருந்தாள். புதன்கிழமைக் கூட்டத்தில் தப்பான வரியை எழுதியவர் எழுந்து நின்று, அந்த வரியை எல்லாருக்கும் கேட்கும்படி மூன்று முறை படிக்க வேண்டும். முதல் முறை படிக்கும்போது அவருக்குத் தப்பு தெரியாது, இரண்டாவது முறை தெரியும், மூன்றாவது முறை மறக்காது. இது அவள் கண்டுபிடித்த வைத்தியம். அதிகம் நின்றவர் பெட்டிக்காரர். பெட்டியின் வெளிக்கூட்டையும் பையையும் வடிவமைப்பவர் என்பதால் அந்தப் பெயர். ஒரு தடவை பெட்டியின் நீளத்தை மீட்டரில் எழுதிவிட்டு மூன்று முறை படித்தார். "முப்பது மீட்டர் பெட்டியை யார் சார் தூக்குவாங்க?" என்று அவள் கேட்டது இன்றுவரை அலுவலகத்தில் ஓடிக்கொண்டிருக்கிறது.

கடிதத்தின் ஏழாவது வரி இப்படி இருந்தது. 'பக்கம் 61-இல் நிறுவனம் கூறியுள்ளபடி, கருவி நீரில் மிதந்த நிலையில் முப்பது நிமிடங்கள் செயல்படுவதும் காட்டப்பட வேண்டும்.'

அவள் வாய்விட்டே சிரித்துவிட்டாள். மாதிரிப் பெட்டி ஒன்று அவள் மேஜை ஓரத்திலேயே உட்கார்ந்திருந்தது. ஒன்பதரைக் கிலோ. ஜன்னல் கதவு காற்றில் அடித்துக்கொள்ளாமல் இருப்பதற்கு அதைத்தான் முட்டுக்கொடுத்திருந்தாள். இது மிதக்கும் என்றால் கீழே இருக்கிற டயர் கடையும் மிதக்கும். எவனோ ஒருவன் வசமாக எழுதி மாட்டியிருக்கிறான். முதலில் வந்தது பயமே இல்லை, வேட்டைக்காரச் சந்தோஷம்தான். பெட்டிக்காரராகத்தான் இருக்கும் என்று முடிவே கட்டிவிட்டு, அலமாரியிலிருந்து அலுவலகப் பிரதியை இறக்கி, எச்சில் தொட்டுப் பக்கத்தைத் தள்ளி, அறுபத்தொன்றுக்கு வந்தாள்.

'எதிர்பாராமல் நீரில் விழ நேரிட்டாலும், கருவி மூழ்காது. மிதந்த நிலையிலேயே குறைந்தது முப்பது நிமிடங்கள் தடையின்றிச் செயல்படும்.'

அருமையான வாக்கியம். ஒரு சொல் அதிகமில்லை, ஒரு சொல் குறையவில்லை. இப்படி எழுதக்கூடிய ஆள் அந்த அலுவலகத்தில் ஒரே ஒருவர்தான். அவள் சிவப்புப் பேனாவை மூடி மேஜைமேல் வைத்தாள்.

நாலு வருடத்துக்கு முன்னால் ரோந்துப் படகுகளுக்கு ஒரு ரேடியோ கேட்டிருந்தார்கள். மஞ்சள் நிறத்தில், உள்ளே பாதி காற்றோடு, பந்து மாதிரி மிதக்கிற பெட்டி ஒன்றைச் செய்தார்கள். அந்த டெண்டர் போய்விட்டது, அதன் எழுத்து அவள் கம்ப்யூட்டரில் தங்கிவிட்டது. இந்தத் தடவை கடைசி வாரத்து அவசரத்தில் 'கருவியின் உறுதி' என்ற பகுதியை அங்கிருந்து அப்படியே எடுத்து வைத்தாள். இந்தத் தொழிலில் எல்லாரும் செய்வதுதான். படகு என்ற சொல்லை ஒவ்வொன்றாகத் தேடிப் பிடித்து எடுத்தாள். அலை, உப்பு, மேல்தளம் எல்லாம் போய் மலை, தூசி, சரிவு வந்தன. இந்த ஒரு வாக்கியத்தில் மட்டும் படகும் இல்லை, அலையும் இல்லை. நல்ல பிள்ளையாகக் கூட்டத்தோடு கூட்டமாக நின்று தப்பித்துவிட்டது.

எழுதியது தப்பு என்று ஒரு கடிதம் போட்டு முடித்துக்கொள்ளவும் வழியில்லை. நிபந்தனை இருநூற்று நாற்பது அவளுக்கு மனப்பாடம். உறைகள் திறக்கப்பட்ட பிறகு எந்தக் கூற்றையும் திரும்பப் பெற முடியாது, பெற்றால் பொய்யான தகவலாகக் கருதப்பட்டு நிறுவனம் போட்டியிலிருந்து நீக்கப்படும், மூன்று வருடத்துக்கு வேறு எதற்கும் விண்ணப்பிக்கவும் முடியாது. மூன்று வருடம் தாங்குகிற நிறுவனமா இது? இயக்கிக்காட்டும் நாளுக்கு இன்னும் பன்னிரண்டு நாள் இருந்தது. அவள் கதவைச் சாத்திவிட்டுப் பெட்டியையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பத்து நிமிடம் கழித்து எழுந்து, முகத்தைக் கழுவி, டெண்டர் கட்டை எடுத்துக்கொண்டு கூட்ட அறைக்குப் போனாள். அன்று புதன்கிழமை.

அக்கா கடிதத்தைப் பார்த்துவிட்டிருந்தார். பெட்டிக்காரர் ஏற்கெனவே குற்றவாளி மாதிரி நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார்.

"சத்தியமா நான் எழுதல மேடம்" என்றார், அவள் வாயைத் திறப்பதற்கு முன்னாலேயே.

"தெரியும். நீங்க உக்காருங்க" என்று சொல்லிவிட்டு அவள் நின்றாள். கட்டைத் திறந்து படித்தாள். எதிர்பாராமல் நீரில் விழ நேரிட்டாலும் கருவி மூழ்காது. ஏன் படிக்கிறாள் என்று முதலில் யாருக்கும் புரியவில்லை. இரண்டாவது முறை படிக்க ஆரம்பித்ததும் பெட்டிக்காரரின் முகத்தில் மெதுவாக ஒரு வெளிச்சம் பரவியது. ஆறு வருடம் நின்று படித்த முகம் அது. "மேடம்... நீங்களா?" என்றார். அவள் மூன்றாவது முறை படித்தாள். 'தடையின்றிச் செயல்படும்' என்ற இடத்தில் அவள் குரல் கொஞ்சம் இடறியது. அதைக் கேட்டு யாரோ பின்வரிசையில் ஒருவர் மூக்கால் சிரித்துவிட்டார். அதோடு அணை உடைந்துவிட்டது. அக்கா பிஸ்கட் புரையேறி மேஜையைத் தட்டினார். பெட்டிக்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அழுதுவிடுவோம் என்று பயந்துகொண்டு வந்தவளுக்கும் சிரிப்புத்தான் வந்தது. அது அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது.

"சரி. சிரிச்சாச்சு" என்றார் அக்கா, தண்ணீர் குடித்துவிட்டு. "இப்ப மிதக்கவைக்கணும். எப்படி?"

பெட்டிக்காரர் பலகையில் கணக்குப் போட்டார். பெட்டி ஒன்பதரைக் கிலோ. முழுசாக முங்கினால் அது தள்ளுகிற தண்ணீர் எட்டரைக் கிலோ. ஒரு கிலோ பாக்கி. அந்த ஒரு கிலோ போதும், கல்லு மாதிரி கீழே போய்விடும். பெட்டியைப் பெரிசாக்க முடியாது, அளவுப் படம் டெண்டரோடு போய்விட்டது. எடையைக் குறைக்க முடியாது, பேட்டரிதான் பாதி எடை. நல்லவேளை, மழைக்கும் ஆற்றைக் கடப்பதற்கும் தண்ணீர் புகாமல் செய்திருந்தார்கள், முங்கினாலும் உள்ளே ஒன்றும் ஆகாது. "வேலை செய்யும் மேடம். கீழ உக்காந்து வேலை செய்யும்" என்றார் பெட்டிக்காரர். கேலியாக ஆரம்பித்தவர் முடிக்கும்போது கேலியாக இல்லை.

அன்று மாலை வீட்டில் அவள் சாப்பாட்டைக் கிளறிக்கொண்டே இருந்தாள். கணவன் இரண்டு முறை கேட்டுவிட்டு விட்டுவிட்டான். அவள் மாமியார் விடுகிற ஆள் இல்லை. அறுபத்துமூன்று வயதில் முட்டிவலிக்கு வைத்தியர் சொன்னார் என்று நகராட்சி நீச்சல்குளத்தில், பெண்களுக்கான காலை வகுப்பில் சேர்ந்து ஆறு வாரம் ஆகிறது. அன்றிலிருந்து எதைப் பேசினாலும் அது குளத்தில்தான் போய் முடியும்.

"பெட்டி மிதக்கணும் அத்தை. மிதக்க மாட்டேங்குது" என்று அவள் எல்லாவற்றையும் சொல்லி முடித்தாள்.

"எத்தனை கிலோ?"

"ஒன்பதரை."

"நான் எழுபத்திரண்டு கிலோ. நானே மிதக்கறேன். ஒன்பது கிலோ பெட்டிக்கு என்ன கேடு?"

"நீங்க எப்படி அத்தை மிதக்கறீங்க?"

"நானா மிதக்கறேன்? பெல்ட் கட்டிவிடறாங்க. தக்கை மாதிரி இருக்கும், தண்ணியே குடிக்காது. அதைக் கட்டிக்கிட்டா முங்கணும்னு நெனச்சாலும் முங்க முடியாது."

அவள் தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்தாள். கை கழுவாமலே, வீட்டுக்கு எடுத்துவந்திருந்த டெண்டர் கட்டை இழுத்து மூன்றாம் பக்கத்தைத் திறந்தாள். அந்தப் பக்கத்துக்காக அலுவலகத்தில் அவள் வாங்கிய கேலி கொஞ்சமில்லை. 'இந்த ஆவணத்தில் கருவி என்பது பெட்டி, பேட்டரி, ஆண்டெனா, முதுகுப்பை ஆகிய நான்கும் சேர்ந்ததைக் குறிக்கும்.' பையைப் போய்க் கருவி என்று எழுத வேண்டுமா, சோற்றில் தட்டையும் சேர்ப்பீர்களா என்று பொறியாளர்கள் கேட்டார்கள். எதையும் விட்டுவிடக் கூடாது என்கிற அவளுடைய பிடிவாதம், எழுதிவைத்தாள். இப்போது மிதக்க வேண்டியது பெட்டி மட்டுமில்லை, பையோடு சேர்ந்த பெட்டி. பையின் முதுகில் நாலு சென்டிமீட்டர் கனத்துக்கு மெத்தை உண்டு என்றுதான் படத்தில் இருக்கிறது. மெத்தைக்குள் என்ன அடைக்க வேண்டும் என்று அவளும் எழுதவில்லை, அவர்களும் கேட்கவில்லை. பெட்டிக்காரருக்குப் போன் போட்டாள். அவர் முழுசாகக் கேட்டுக்கொண்டார். "உங்க மாமியார நம்ம கம்பெனியில சேத்துக்கலாமா?" என்றார்.

மூன்றாம் நாள் காலை குளத்துக்குப் போனார்கள். உண்மையான பெட்டியை ஊர்க் குளத்துக்குக் கொண்டுபோக முடியாது என்பதால், வெறும் கூட்டுக்குள் பேட்டரி இடத்தில் ஈயத்தையும் மற்ற இடத்தில் மணலையும் அடைத்து, அதே எடைக்கு, முதுகு மெத்தை முழுக்கத் தக்கை அடைத்த பையோடு கொண்டுவந்திருந்தார் பெட்டிக்காரர். அவர் மறந்துபோனது ஒன்றுதான். அது பெண்கள் நேரம். ஆண்களுக்கு வாசலோடு சரி. போனும் உள்ளே கொண்டுபோகக் கூடாது. நுழைவாயிலில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் அவரை உட்காரவைத்துவிட்டு, அவளும் மாமியாரும் பெட்டியை ஆளுக்கு ஒரு பட்டை பிடித்துத் தூக்கிக்கொண்டு உள்ளே போனார்கள். மேற்பார்வையாளர் பெண்மணி என்னவென்று கேட்டார். "மருமகளோட பெட்டி. நீச்சல் பழக வந்திருக்கு" என்றார் மாமியார். அதற்கு மேல் அந்தப் பெண்மணிக்குக் கேள்வி எழவில்லை.

முதல் முயற்சியில் பெட்டி மிதந்தது. மிதந்தது என்பது உண்மை. ஒரு கணம் வானத்தைப் பார்த்துக்கொண்டு கிடந்தது. பிறகு தூக்கத்தில் புரண்டு படுப்பதுபோல நிதானமாகக் கவிழ்ந்து, மெத்தை மேலேயும் பெட்டி கீழேயுமாக நின்றது. ஆண்டெனா தண்ணீருக்குள் அடியைப் பார்த்து நின்றது. தண்ணீருக்குள் இருக்கிற ஆண்டெனாவோடு மீன்தான் பேசும். குளத்தில் இருந்த பதினான்கு பெண்களும் உடற்பயிற்சியை விட்டுவிட்டுப் பெட்டியைச் சுற்றி நின்றார்கள். அவள் துண்டைப் போர்த்திக்கொண்டு வாசலுக்கு ஓடினாள்.

"கவுந்துடுச்சு."

"எந்தப் பக்கமா?" பெட்டிக்காரர் நோட்டும் பென்சிலுமாகத் தயாராக இருந்தார்.

"முன்பக்கமா. இல்ல, இடதுபக்கமா கொஞ்சம் சாஞ்சு..."

"எவ்வளவு நேரத்துல?"

"கொஞ்ச நேரத்துல."

அவர் பென்சிலைக் கீழே வைத்தார். "கொஞ்ச நேரம்னா எவ்வளவு மேடம்? நான் இப்படி எழுதிக் குடுத்தா விடுவீங்களா?"

அவள் நாக்கைக் கடித்துக்கொண்டு திரும்ப உள்ளே போனாள். இந்த முறை அவருடைய நோட்டையும் தன் சிவப்புப் பேனாவையும் கொண்டுபோனாள். மறுபடி பெட்டியை வைத்துவிட்டு, குளத்தின் விளிம்பில் குப்புறப் படுத்து, நொடியை எண்ணி, எந்த மூலை முதலில் இறங்குகிறது, தண்ணீர்க் கோடு எங்கே நிற்கிறது என்று ஈரக் கையால் எழுதினாள். வாழ்நாள் முழுக்க மற்றவர்கள் செய்ததைப் பற்றிச் சரியாக எழுதியவள். தான் கண்ணால் பார்த்ததை எழுதுவது இவ்வளவு கஷ்டம் என்றும், இவ்வளவு நன்றாக இருக்கும் என்றும் அவளுக்கு அன்றுதான் தெரிந்தது.

கவிழ்வதை என்ன செய்தும் நிறுத்த முடியவில்லை. ஐந்தாவது தடவை அது புரண்டபோது தண்ணீரில் கழுத்தளவு நின்றுகொண்டிருந்த மாமியார் சொன்னார். "முதுகுல கட்டினா கவுத்தத்தான் செய்யும். எனக்கே மொத நாள் இடுப்புல கட்டிவிட்டு, கால் மேல, தலை கீழ போயிடுச்சு. கக்கத்துல கட்டுங்க. கக்கத்துல கட்டினா நிக்கும், என்னை மாதிரி." சொல்லிவிட்டு இரண்டு கையையும் தூக்கி, தன் அக்குளுக்கடியில் இருந்த நீலத் தக்கையைக் காட்டினார். தண்ணீரில் ஆடாமல் அசையாமல் கம்பம் மாதிரிதான் நின்றுகொண்டிருந்தார். அவள் அதையும் அப்படியே எழுதினாள். எழுதியதைப் படித்துவிட்டுப் பெட்டிக்காரர் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். பேட்டரி அடியில் இருக்கிறது, அடி கனம். மெத்தையை முதுகு முழுக்கப் பரப்பாமல் மேல்பாதியிலும் தோள்பட்டைகளிலும் மூடியிலும் அடைத்தால் பெட்டி தண்ணீரில் படுக்காது, நிற்கும். "சின்னப் புள்ளைக்குத் தெரியற விஷயம்" என்று தலையில் அடித்துக்கொண்டு பைக்கைக் கிளப்பிக்கொண்டு போனார்.

பழைய மெத்தையைப் பிரித்து, தண்ணீர் குடிக்காத தக்கையை அளவாக வெட்டி, பையைத் திரும்பத் தைத்து முடிக்க நாலு நாள் ஆயிற்று. நாலு சென்டிமீட்டர், நாலு சென்டிமீட்டராகவே இருந்தது. எட்டாம் நாள் காலை அதே குளத்தில் பெட்டியை இறக்கினார்கள். ஒரு முங்கு முங்கி எழுந்து, ஒரு பக்கம் சாய்ந்து, நிமிர்ந்து, நின்றது. ஆண்டெனா மேலே ஆடியது. பதினான்கு பெண்களும் போட்ட சத்தத்தில் வெளியே உட்கார்ந்திருந்த பெட்டிக்காரருக்குச் சேதி எழுதாமலே போய்ச் சேர்ந்துவிட்டது. அவள் வாசலுக்கு வந்தபோது அவர் காவலாளியின் கையைப் பிடித்துக் குலுக்கிக்கொண்டிருந்தார்.

இருந்தாலும் அது மணல் பெட்டி, அசையாத குளம். நிஜப் பெட்டியோடு படையின் பயிற்சி மைதானத்துக்குப் போன அன்று காலை அவள் பையின் தையலை மூன்று தடவை தடவிப்பார்த்தாள். மற்ற இரண்டு நிறுவனங்களும் முந்தின நாட்களில் காட்டிவிட்டுப் போயிருந்தன. ஒரு நிறுவனம் பதினாறு பேரோடும் தனி ஜெனரேட்டரோடும் வந்ததாம். இவர்கள் அக்காவின் பழைய வேனில் நாலு பேர் வந்திருந்தார்கள். மதியம்வரை எல்லாம் ஒழுங்காகப் போயிற்று. தூசி, குலுக்கல், கையுறை போட்டுக்கொண்டு இயக்குவது, எதிலும் பெட்டி சொதப்பவில்லை. கடைசியாகத் தலைமை அதிகாரி பட்டியலைப் புரட்டி, "மிதக்கிற சோதனை" என்றார். நரைத்த மீசை, அதிகம் பேசாத மனிதர். காலையிலிருந்து அவர் முகத்தை வைத்து எதையும் கண்டுபிடிக்க முடியவில்லை.

மைதானத்தின் ஓரத்தில் தீயணைப்புக்காகக் கட்டிய சிமெண்டுத் தொட்டி இருந்தது. இரண்டு ஆள் ஆழம். பெட்டிக்காரர் ஒரு வாக்கிடாக்கியோடு மேட்டுக்கு அந்தப் பக்கம் அனுப்பப்பட்டார். மேடு மறைப்பதால் அவர் பேசுவது நேராக இங்கே வராது, பெட்டி வழியாகத்தான் வர வேண்டும். அரைமணி நேரமும் அவர் எதையாவது படித்துக்கொண்டே இருக்க வேண்டும், குரல் அறுந்தால் தோல்வி. இன்னொரு வாக்கிடாக்கி அதிகாரியின் கையில் இருந்தது. அக்கா பெட்டியைத் தன் கையாலேயே தண்ணீரில் விட்டார். காற்று அன்று கொஞ்சம் பலமாக அடித்தது. பெட்டி முங்கியது. வழக்கத்தைவிடக் கூட ஒரு நொடி உள்ளே இருந்தது போல அவளுக்குப் பட்டது. அந்த ஒரு நொடிக்குள் பத்தொன்பது பேரும் டயர் கடைக்கு மேலேயிருந்து இறங்கி, அவரவர் பையோடு தெருவில் நடந்துபோவதை அவள் பார்த்துவிட்டாள். பிறகு பெட்டி எழுந்தது. சாய்ந்தது, நிமிர்ந்தது, நின்றது. ஒரு சிப்பாய் கடிகாரத்தை அழுத்தினார்.

அதிகாரியின் கையில் இருந்த வாக்கிடாக்கி கரகரத்துவிட்டுத் தெளிந்தது. செய்தித்தாள் படிப்பதாகத்தான் பெட்டிக்காரர் சொல்லியிருந்தார். ஆனால் வந்தது வேறு.

"எதிர்பாராமல் நீரில் விழ நேரிட்டாலும், கருவி மூழ்காது. மிதந்த நிலையிலேயே குறைந்தது முப்பது நிமிடங்கள் தடையின்றிச் செயல்படும்."

ஒரு இடைவெளி விட்டு மறுபடி அதையே படித்தார். மறுபடி இடைவெளி. மூன்றாவது முறை. அக்கா தொட்டிச் சுவரைப் பார்க்கத் திரும்பிக்கொண்டார், தோள் மட்டும் குலுங்கியது. அவளுக்குக் காது வரைக்கும் சூடேறியது. ஆனாலும் மேட்டுக்கு அந்தப் பக்கத்திலிருந்து தண்ணீர் வழியாகத் தன் வாக்கியம் தன்னிடமே திரும்பி வருவதைக் கேட்க அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது. இப்போது அதில் பொய் இல்லை. மூன்றாவது முறைக்குப் பிறகு பெட்டிக்காரர் அதே பக்கத்தின் மீதியைப் படிக்க ஆரம்பித்தார். டெண்டர் கட்டையே தூக்கிக்கொண்டு போயிருந்தார் போலிருக்கிறது.

"இதை யார் எழுதினது?" என்றார் அதிகாரி.

அவள் கையைத் தூக்கினாள்.

"எங்க நிபந்தனைகள்ல மிதக்கணும்னு எங்கயும் கேக்கலையே. ஏன் எழுதினீங்க?"

அதற்கு நல்ல பதில்கள் அவளிடம் நாலைந்து தயாராக இருந்தன. ஆற்றைக் கடக்கும் படையினர், எதிர்காலத் தேவை, கூடுதல் பாதுகாப்பு என்று வேனில் வரும்போதே மனசுக்குள் எழுதித் திருத்தி வைத்திருந்தாள். அக்கா அவளைப் பார்த்தார். எதைச் சொல் என்றும் அந்தப் பார்வை சொல்லவில்லை.

"தப்பா எழுதிட்டேன் சார். பழைய டெண்டர்லேர்ந்து எடுத்த வரி. பாக்காம விட்டுட்டேன்" என்றாள். "எழுதிட்டோமேன்னு அப்புறமா செஞ்சோம்."

அதிகாரி வாக்கிடாக்கியைத் தொட்டிச் சுவர்மேல் வைத்தார். பிறகு சட்டைப்பையிலிருந்து சின்ன நோட்டை எடுத்து எழுத ஆரம்பித்தார். ஒரு வரியில் முடியவில்லை. பக்கத்தைத் திருப்பியும் எழுதினார். என்ன எழுதுகிறார் என்று எட்டிப்பார்க்க அவளுக்குக் கழுத்து துடித்தது. ஆறு வருடத்தில் யாருடைய எழுத்தையும் படிக்க இவ்வளவு ஆசைப்பட்டதில்லை.

மிதக்கிற ஒரு பெட்டியை அரைமணி நேரம் பார்த்துக்கொண்டிருப்பது சும்மா இல்லை. முதல் பத்து நிமிடம் எல்லாரும் விறைப்பாக நின்றார்கள். பிறகு கடிகாரச் சிப்பாய் தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்தார். அதைப் பார்த்து அக்கா உட்கார்ந்து பிஸ்கட் பொட்டலத்தைப் பிரித்தார். ஒன்று சிப்பாய்க்குப் போயிற்று. இருபதாவது நிமிடத்தில் அதிகாரியும் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். வாக்கிடாக்கி அவர் பக்கத்தில் சுவர்மேல் நின்று பேசிக்கொண்டிருந்தது. அறுபத்திரண்டு, அறுபத்துமூன்று என்று பக்கங்கள் போய்க்கொண்டிருந்தன. பெட்டிக்காரருக்குத் தொண்டை கட்ட ஆரம்பித்திருந்தது. இடையில் ஒரு தடவை தண்ணீர் குடிக்கிற சத்தம்கூடத் தெளிவாகக் கேட்டது.

"நேரம் முடிஞ்சிடுச்சு சார்" என்று சிப்பாய் எழுந்து, பெட்டியை இழுக்கக் கொக்கிக் கம்பை எடுத்தார்.

"இருக்கட்டும்" என்றார் அதிகாரி, தண்ணீரிலிருந்து கண்ணை எடுக்காமல்.

சிப்பாய் கம்பைச் சுவரில் சாய்த்துவிட்டு மறுபடி உட்கார்ந்தார். நேரம் முடிந்தது மேட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கிறவருக்குத் தெரியாது, அவர் அறுபத்துநாலாம் பக்கத்துக்குப் போய்விட்டார். இரண்டாவது பத்தியில் ஒரு சொல் இரண்டு முறை வந்தது. அது அவள் காதில் விழுந்து, கை தானாகப் பைக்குள் பேனாவைத் தேடிப் போயிற்று. பாதியில் நிறுத்தி, அந்தக் கையை அக்காவிடம் ஒரு பிஸ்கட்டுக்காக நீட்டினாள். காற்று வந்து தொட்டித் தண்ணீரைத் தள்ளிவிட்டுப் போயிற்று. பெட்டி மெதுவாக அரைவட்டம் திரும்பி, ஆண்டெனாவை ஆட்டிக்கொண்டு, சரி சரி என்று தலையாட்டுவதுபோல அங்கேயே நின்றது.